ஊரான் வீட்டுக் குளிர்

சித்திரை மாதம் மத்தியானம் 2 மணிக்கு எங்கள் கட்டிங் ஹாலுக்கு வந்தால் ஜெர்மனியின் டிசம்பரைத் தொட்டுப் பார்க்கலாம். மேசை நீளத்துக்கும் ஃப்ளீஸ் துணியை விரித்து அடுக்கடுக்காக லே போட்டு வைத்திருப்பார்கள். உள்பக்கம் ரைசிங் அடித்த துணி, பூனைக்குட்டியின் வயிறு மாதிரி இருக்கும். துணி கலையும் என்று மேலே ஃபேனை நிறுத்தியிருப்பார்கள். வியர்வை சொட்டினால் கறை விழும் என்பதால் கட்டிங் மாஸ்டர் நெற்றியில் கர்ச்சீப்பை இறுக்கிக் கட்டியிருப்பார். வெளியே 38 டிகிரி. உள்ளே 300 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள குளிர்.

மார்கழியில் வந்து பாருங்கள். காலை ஷிப்டுக்கு வருகிற பெண்கள் காதை மறைத்துத் துண்டு கட்டியிருப்பார்கள். ஒடிசாப் பையன்கள் மட்டும் இதெல்லாம் ஒரு குளிரா என்கிற மாதிரி அரைக்கை பனியனோடு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். மிஷினில் ஓடிக்கொண்டிருப்பது கையில்லாத டாப். தோளில் வெறும் ஒரு பட்டை. 140 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கத்து ஆள் தெரிவார்.

ஐரோப்பாவில் குளிர்கால உடுப்பு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிட வேண்டும். தூத்துக்குடியில் கப்பல் ஏறினால் போய்ச் சேர ஒரு மாதம் போல ஆகும். அதற்கு முன்னால் நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பேக்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆகவே அவர்களுடைய குளிர் எங்களுக்குக் கத்திரி வெயிலிலும், அவர்களுடைய கோடை எங்களுக்கு மார்கழியிலும் வந்து சேரும். திருப்பூரின் இந்தத் தலைகீழ்ப் பஞ்சாங்கத்தில் 22 வருஷம் மெர்ச்சண்டைசராகக் குப்பை கொட்டியவன் நான். 4 வயதுப் பிள்ளைக்கு எந்த மாதத்துக்கு எத்தனை கிராம் துணி வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஹூட் வைத்த சட்டையில் கழுத்துப் பக்கம் கயிறு தொங்கினால் பிள்ளை சறுக்குமரத்தில் மாட்டிக்கொள்ளும் என்பதற்காக ஐரோப்பாவில் ஈ.என். 14682 என்று ஒரு விதியே வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கயிறே கூடாது. அந்த விதியைச் சொல்லி எத்தனையோ சாம்பிளில் கயிற்றை உருவ வைத்திருக்கிறேன். முகம் தெரியாத பிள்ளையின் கழுத்துக்கு அவ்வளவு கவலை.

என் மகளைக் காலை 6 மணி டியூஷனுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும்போது அவள் காதில் ஒரு முழத் துணிகூட இருக்காது.

"ஸ்வெட்டர் எங்க கண்ணு?"

"நம்மூட்ல ஏதுப்பா ஸ்வெட்டரு?"

பீரோவில் 14 ஹூடி இருந்தன. எல்லாம் ஷிப்மென்ட் மிச்சம். பாதி, 2 வயதுப் பிள்ளைக்கு. மீதி, ஆறரை அடி ஆளுக்கு. நடுவில் எந்தச் சைஸும் கிடையாது. பனியன் கம்பெனிக்காரன் வீட்டில் அளவான பனியன் இருக்காது என்பது ஊரறிந்த சங்கதி.

இப்படித் தொடங்கும் எங்கள் வீட்டு ஐப்பசி. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்களுக்குக் காற்று மட்டும்தான் வரும். மழையைக் கேரளாவிலேயே இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு வருகிற விருந்தாளி அது. எங்களுக்கான மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். தமிழ்ப் பருவக் கணக்கில் இந்த இரண்டு மாதமும் கூதிர். அம்மா இன்னும் 'கூதக்காத்து' என்றுதான் சொல்கிறாள். சளியும் காய்ச்சலும் அதே காற்றில்தான் வரும். இந்தியாவில் எந்த ஊரில் எப்போது ஃப்ளூ ஏறுகிறது என்று கணக்கெடுத்தவர்கள், டெல்லி, புனே பக்கமெல்லாம் ஜூலை முதல் செப்டம்பர் வரை, சென்னையில் அக்டோபர், நவம்பர் என்று கண்டிருக்கிறார்கள். மழை எங்கே பிந்துகிறதோ அங்கே காய்ச்சலும் பிந்துகிறது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கெட்டவனின் வரலாறுதான் இனி வருவது.

ஒவ்வொரு ஐப்பசியும் நான் ஒரு ஜோடி வாக்கிங் ஷூவோடு தொடங்குகிறேன். போன தடவை வாங்கியது மூன்றாவது ஜோடி. முதல் நாள் நடந்தேன். இரண்டாம் நாளும் நடந்தேன். மூன்றாம் நாள் மழை. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு அம்மா முட்டை போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். அது என் தப்பா? நான்காம் நாள் வானம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் ஷூ என்னை நேராக அந்தக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனது. மாடு வழி மறக்காத மாதிரி.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நஞ்சராயன் குளத்துக்குப் போனேன். 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த குளம். வடக்கேயிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த வாத்துகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நம் கூதக்காத்துதான் வெதுவெதுப்பு. இமயத்தைத் தாண்டி வந்தவை, ஒன்றுக்குக்கூட மூக்கு ஒழுகவில்லை. நான் ஸ்கூட்டரை நிறுத்தி இருநூறு அடி நடந்திருப்பேன், மூச்சு வாங்கியது. அங்கேயே கரையில் உட்கார்ந்து, கொண்டுபோன முறுக்கைத் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

நடைக்கு இன்னொரு உபாயமும் கண்டுபிடித்தேன். மார்கழி விடியலில் பெருமாள் கோயிலுக்கு நடந்து போவது. போக முக்கால் கிலோமீட்டர், வர முக்கால் கிலோமீட்டர், நடுவில் சாமி. கெட்டது என்னவென்றால் சாமிக்குப் பிறகு பொங்கல். நெய் தொன்னையின் அடியில் கசிந்து கையில் வழியும். முதல் தொன்னை பிரசாதம். இரண்டாவது தொன்னை வீட்டுக்கு என்று சொல்லி வாங்குவது. அது வீடு வந்து சேர்ந்ததில்லை. தை பிறந்தபோது பேண்டின் கொக்கி மாட்டவில்லை. வெயிஸ்ட் அளவில் அரை இன்ச் கூடினால் ஒரு லாட்டையே திருப்பி அனுப்புகிற ஆள் நான்.

அம்மாவின் வைத்தியம் தனி இலாகா. தூதுவளை, ஆடாதோடை, துளசி, கற்பூரவல்லி, மிளகு, சித்தரத்தை எல்லாம் போட்டு ஒரு சொம்பு தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்ட வைப்பாள். நிறம், டையிங் பட்டறை வாய்க்காலில் ஒரு காலத்தில் ஓடிய நிறம். ராத்திரி அந்த டம்ளரோடு நான் வாசலுக்கு வருவேன், ஆற வைக்கிறேன் என்று. வாசலில் துளசிச் செடி இருந்தது. யோசித்துப் பாருங்கள், துளசிக்கே துளசிக் கஷாயம் ஊற்றியவன் நான். பதினைந்து நாளில் செடி இலை பழுத்துத் தலை தொங்கிவிட்டது.

அம்மா செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏஞ்சாமி, துளசி வாடிப்போச்சு. அதுக்குச் சளி புடிச்சாட்ட இருக்குது" என்றாள். மறுநாளிலிருந்து டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரில் நிற்க ஆரம்பித்தாள்.

அம்மாவோடு எனக்கு ஒரு விஞ்ஞானத் தகராறும் உண்டு. மழையில் தலை நனைந்தால் சளி பிடிக்கும் என்பது அவள் கட்சி. சளிக்குக் காரணம் வைரஸ், மழை அல்ல என்பது என் கட்சி. என் பக்கம் ஆதாரம் இருந்தது. இங்கிலாந்தில் ஸாலிஸ்பரி என்கிற ஊரில் 1946-ல் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் சளிக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நடந்தது. ஆட்களைத் தங்கவைத்து, மூக்கில் வைரஸ் சொட்டு விட்டு, சிலரை நனைந்த உடம்போடு காற்றில் நிறுத்தியும் பார்த்தார்கள். நனைந்ததால் மட்டும் சளி கூடியதாகத் தெரியவில்லை. இதை அம்மாவிடம் விளக்கிச் சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் ரெயின்கோட் இல்லாமல் அவிநாசி ரோட்டில் புஷ்பா தியேட்டர் ஸ்டாப் வரைக்கும் ஸ்கூட்டரில் போய் வந்தேன். ஒரு கொள்கைக்காக.

மூன்றாம் நாள் மூக்கு அடைத்துக்கொண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சுக்கு இடிக்கும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. பிற்பாடுதான் இன்னொரு ஆராய்ச்சியைப் படித்தேன். 2005-ல் வெளியானது. கார்டிஃபில் 180 பேரில் பாதிப் பேரை 20 நிமிஷம் குளிர்ந்த தண்ணீரில் காலை வைக்கச் சொன்னார்கள். அடுத்த நாலைந்து நாளில், கால் நனைத்த 90 பேரில் 13 பேர் சளி பிடித்ததாகச் சொன்னார்கள். நனைக்காத 90 பேரில் 5 பேர். ஏற்கெனவே உள்ளே பதுங்கியிருக்கிற வைரஸுக்குக் குளிர் கதவைத் திறந்து விடுகிறதோ என்பது அவர்கள் ஊகம். ஆக, நானும் பாதி ஜெயித்தேன், அம்மாவும் பாதி ஜெயித்தாள். இந்த இரண்டாவது ஆராய்ச்சியை அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

மூக்கடைப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆவி பிடித்தால் நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். கம்பெனியில் அயர்ன் செக்‌ஷன் நாள் முழுக்க ஆவி விட்டுக்கொண்டுதானே இருக்கிறது என்று எனக்கு மூளை வேலை செய்தது. டீ டைமில் எல்லாரும் வெளியே போனதும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்டீம் அயர்ன் டேபிளின் மேல் குனிந்தேன். பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அயர்ன் மாஸ்டர்.

"சார், மூஞ்சி வெந்து போயிரும். பாய்லர்த் தண்ணில கெமிக்கல் வேற விட்டிருக்குதுங்க."

"சும்மா பார்த்தேன்" என்றேன். துண்டோடு.

மருந்துக் கடைக்கு வருவோம். காய்ச்சலும் சளியும் வைரஸால் வந்தால் ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது, அது பாக்டீரியாவுக்கு. இதைப் பிறருக்கு விளக்கும்போது என்னைப் போல் தெளிவாகப் பேசுகிற ஆள் கிடையாது. எனக்கு வந்தால் மட்டும் கடைக்குப் போய், "500-ல மூணு கொடுங்க" என்பேன். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் உடம்பு தேவலை போல இருக்கும். மிச்சம் ஒன்று மேசை டிராயருக்குப் போய்விடும். அப்படி என் டிராயரில் அனாதையாகக் கிடந்தவை ஐந்து. ஒவ்வொரு அட்டையிலும் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதே என்பதற்காகப் போட்ட கோடு அது. நான் வெகு காலம் அதைக் கம்பெனி டிசைன் என்றே நினைத்திருந்தேன். செக்கிங் டேபிளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பீஸைக் கண்டால் இருபது அடி தூரத்திலிருந்து பாய்ந்து வருகிறவன், வாய்க்குள் போகிற அட்டையில் சிவப்பைப் பார்க்கவில்லை.

கொசு விஷயத்தில் நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் தெருவில் டெங்கு என்று பேச்சு எழுந்ததும் நான்தான் முன்னால் நின்றேன். எதிர் வீட்டில் தண்ணீர் டிரம்முக்கு மூடி இல்லை என்று சொன்னேன். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் டயர் கிடப்பதைக் காட்டினேன். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், சுத்தமான தண்ணீரில்தான் முட்டை வைக்கும், அந்த முட்டை காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து அடுத்த தண்ணீருக்குப் பொரிக்கும், ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவணும் என்று ஒரு பேருரை. 2012-ல் டெங்கு பரவியபோது அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் கொடுத்ததையும், அதில் நிலவேம்போடு சேர்த்து ஒன்பது சரக்கு என்பதையும் இடையில் சொருகினேன்.

மறுநாள் கொசுப்புழு பார்க்கிற அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் டார்ச்சும் ஒரு சின்னக் கரண்டியும். தொட்டியைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், பூந்தொட்டித் தட்டைப் பார்த்தார். எல்லாம் சுத்தம். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் சமையலறைக்குப் போய், "ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் நகட்டுங்க" என்றார்.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், கம்ப்ரசருக்கு மேலே, கறுப்புத் தட்டு ஒன்று இருக்கிறது. உள்ளே உருகுகிற தண்ணீர் அதில் வந்து சேரும். வாங்கிய ஏழு வருஷத்தில் அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. டார்ச் வெளிச்சத்தில் கரண்டி உள்ளே போய் வந்தது. அரைக் கரண்டித் தண்ணீரில், எங்கள் வீட்டுச் செல்வங்கள், தலைகீழாகத் தொங்கி, நெளிந்து, கீழே போய், மறுபடி மூச்சுக்கு மேலே வந்துகொண்டிருந்தன. ஒன்பது வரை எண்ணினேன். ஒன்பது சரக்கு.

"கம்ப்ரசர் சூடுக்கு நல்லா வளர்ந்திருக்குது" என்று அக்கா சீட்டில் எழுதினார். எதிர் வீட்டுக்காரர் கேட் அருகில் நின்று, "என்னங்க, ஏதாச்சும் கெடச்சுதுங்களா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். நான் அவர் டிரம்மைப் பற்றி அதன் பிறகு பேசியதில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. அடுத்தது அப்படியில்லை, ஆனாலும் அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லப் பார்ப்பேன், பழக்கம் அப்படி.

ஃப்ளூ தடுப்பூசியை நான் வேறு யாரையும்விட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியவன். காரணம், அதுவும் எங்கள் தொழில் மாதிரியே ஓடுகிறது. வைரஸ் வருஷா வருஷம் ஸ்டைலை மாற்றும். உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை கூடுகிறது. பிப்ரவரியில் கூடி, வரப்போகிற வடகோளக் குளிருக்கு எந்த ரகங்கள் என்று முடிவு செய்வார்கள்; செப்டம்பரில் தென்கோளத்துக்கு. அப்புறம் தயாரிக்க ஆறு மாதம். இரண்டு சீசன், ஆறு மாத லீட் டைம், போன வருஷ ஸ்டைல் இந்த வருஷம் ஓடாது. பையர் மெயிலைப் படிக்கிற மாதிரியே இருந்தது எனக்கு. குத்திக்கொண்ட பிறகு உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும் என்பதால் ஐப்பசிக்கு முன்பே முடிக்க வேண்டும் என்றும் தெரியும். ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வருகிற எங்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் புதிதில்லை.

கம்பெனியில் முகாம் போட்டார்கள். சர்க்குலர் எழுதியது நான். 'அனைவரும் தவறாமல்' என்று தடித்த எழுத்தில் போட வைத்ததும் நான்தான். முகாம் அன்று காலை வரிசை ஆரம்பித்தது. நர்ஸ் ஊசியை மேலே தூக்கிப் பார்த்து ஒரு சொட்டு வெளியே விட்டார். அந்தச் சொட்டைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு அவசர வேலை வந்துவிட்டது. "டையிங்ல ஷேடு பாக்கப் போறேன்." திருப்பூரில் இதைவிட உறுதியான சாக்கு கிடையாது. ஷேடு பார்க்கப் போனவனை யாரும் எப்போது வருவாய் என்று கேட்க மாட்டார்கள். பேக்கரியில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுவிட்டு, நர்ஸ் வண்டி கிளம்பிப் போன பிறகு வந்தேன். செக்கிங் டேபிள்காரர்களிலும் பாதிப் பேர் போட்டுக்கொள்ளவில்லை என்று பிறகு தெரிந்தது. ஏன் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "நீங்களே போடலியே சார்" என்றாள்.

கார்த்திகைக் கடைசி. பெரிய ஷிப்மென்ட், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் புதன்கிழமை. செவ்வாய் மத்தியானமே எனக்கு முதுகெலும்பில் குளிர் ஓடியது. ராத்திரி 102. காலையில் அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "இன்னிக்குப் போகாட்டி என்ன சாமி" என்றாள். எனக்கு மாதச் சம்பளம். லீவு பாக்கி 11 நாள் இருந்தது. போகாவிட்டால் ஒரு பைசா குறையாது. ஆனால் நான் இல்லாமல் இன்ஸ்பெக்‌ஷன் பாஸாகாது என்று ஒரு எண்ணம். அதைத் திமிர் என்று சொல்ல எனக்கு இப்போதும் நாக்கு எழவில்லை, பொறுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு போனேன். மாஸ்க் போடவில்லை. 2020-ல் ஊர் முழுக்கப் பனியனை நிறுத்திவிட்டு மாஸ்க் தைத்தபோது பெட்டி பெட்டியாக அனுப்பியவன். என் டிராயரில் ஐந்து அனாதை மாத்திரைக்குக் கீழே ஒரு மாஸ்க் கட்டும் கிடந்தது.

இருமினேன். இந்த ஊரில் இருமலை யாரும் கவனிப்பதில்லை. ரைசிங் பட்டறையிலும் கட்டிங்கிலும் பறக்கிற பஞ்சுக்கு எல்லாருமே இருமுவார்கள். ஸ்பின்னிங் மில்லில் வாரலீவு முடிந்து வேலைக்கு வருகிற முதல் நாள் மார்பு இறுக்கும். அதற்கு மருத்துவத்தில் பிசினோசிஸ் என்று பெயரே உண்டு. அந்த இருமல்களின் மறைவில் என்னுடையதும் ஒளிந்துகொண்டது. செக்கிங் டேபிளில் எட்டுப் பெண்கள். ஒவ்வொருவர் தோளுக்கு மேலும் குனிந்து, "இந்த ஸ்டிச் பாருங்க, இந்த நெக் பாருங்க" என்று காலை முழுக்க அவர்கள் காதுக்குள் மூச்சு விட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஏ.க்யூ.எல். 2.5. ஆயிரம் பீஸ் கொண்ட லாட்டில் 80 எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை ஐந்து வரை பாஸ். ஆறாவது வந்தால் லாட் ரிஜெக்ட். நாலு வந்தது. பாஸ். நான் கைகொடுத்தேன். அந்த இன்ஸ்பெக்டருக்கும் அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் என்று மெயில் வந்தது, அது என்னால்தான் என்று சொல்ல முடியாது. சொல்லாமலும் இருக்க முடியாது.

சனிக்கிழமை டேபிளில் ஐந்து பேர்தான். திங்கள் மூன்று பேர்தான். நான் வீட்டில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு கொள்ளு ரசம் குடித்துக்கொண்டிருந்தேன், சம்பளத்தோடு. ஃப்ளூ வந்தவரிடமிருந்து, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரவத் தொடங்கும், முதல் மூன்று நாலு நாள் உச்சம் என்று படுத்துக்கொண்டே படித்தேன். விரல்விட்டு எண்ணினேன். புதன் எனக்கு உச்சம்.

அந்த எட்டுப் பேரில் மூத்தவர் ஓர் அக்கா. என்னைவிட வயதில் பெரியவர், கம்பெனிக்கு எனக்கு முன்னாலேயே வந்தவர். அவர் நாலு நாள் வரவில்லை. அவர்களுக்கு வந்தால்தான் ஷிப்ட், ஷிப்ட் போட்டால்தான் சனிக்கிழமை சம்பளம். ஈ.எஸ்.ஐ. உண்டு, நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் முதல் 2 நாள் காத்திருப்புக் கணக்கில் போகும். நாலு நாள் காய்ச்சலில் தேறுவது 2 நாள். அதற்கும் சர்ட்டிபிகேட் வாங்க ஒரு நடை. "அதுக்கு ஒரு ஷிப்டு போயிருமுங்க சார்" என்று அக்கா அந்த நடையை விட்டுவிட்டார் என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. நாலு நாள் கூலியை நானே கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எப்படிக் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது என்று இரண்டு வாரம் யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அவர் திரும்பி வந்த அன்று காலை டீ டைம். எல்லாரும் வடைக்கு வெளியே போய்விட்டார்கள். நான் சீட்டில் இன்னும் இருமிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு எவர்சில்வர் ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றார். முகம் வற்றிப்போயிருந்தது. மூடியைத் திருகி, அதிலேயே ஊற்றினார். ஆவி பறந்தது. அதே நிறம்.

"என்னங்க அக்கா இது?"

"சளிக்குங்க. எனக்கு வெச்சது. உங்களுக்கும் இன்னும் விடலியே, கேட்டுட்டுத்தான இருக்கறேன்."

"வெச்சுட்டுப் போங்க, ஆறட்டும். குடிச்சிக்கறேன்."

அவர் போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் சுற்றிப் பார்த்தேன். மெர்ச்சண்டைசிங் அறையில் துளசிச் செடி கிடையாது. ஜன்னல் ஏ.சி.க்காக மூடியிருந்தது. குப்பைக்கூடையில் கட்பீஸ்.

குடித்தேன். முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர் வந்தது; மிளகு கொஞ்சம் அதிகம்.

"நாலு நாள் போயிருச்சாக்கா உங்களுக்கு" என்றேன், மூடியைப் பார்த்துக்கொண்டே.

"அஞ்சு. ஞாயித்துக்கிழமை ஓவர்டைமும் போச்சு" என்றார். அதைச் சொன்ன குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அடுத்த தடவை காச்சல்னா வூட்லயே இருங்க சார். நாங்க பாத்துக்கறோம்."

தலையை ஆட்டிவிட்டு மூடியைத் திருப்பி நீட்டினேன். அக்கா வாங்காமல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அடியில நிக்குது பாருங்க. அதையுங் குடிங்க."